கை மாறாத எலுமிச்சம்பழம்

மதிப்புக்குரிய டோமினிக் அங்கிளுக்கு,

அடுத்த தெரு வேணி வணக்கத்துடன் எழுதுவது. அங்கிள், இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். ஆன்ட்டியிடம் வேண்டாம், உங்க பிரியாவிடம் வேண்டாம், எங்க அம்மாவிடம் வேண்டவே வேண்டாம். நாங்கள் நலம். நீங்களும் நலம் என்று எழுதலாம்தான், ஆனால் நாளைக்கு உங்களைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லி மிஸ் சொல்லியனுப்பியதைப் பிரியா உங்களிடம் சொல்லியிருப்பாள், அதனால் நலமாக இருக்க மாட்டீர்கள்.

இன்னொரு புகார் வந்தால் அவளை ஏலாக்குறிச்சியில் அத்தை வீட்டுக்கு அனுப்பி, அங்கேயே படிக்க வைத்துவிடுவேன் என்று நீங்கள் சொன்னது எனக்குத் தெரியும். அனுப்பிடாதீங்க அங்கிள். தப்பு அவள்மேல் இல்லை.

அறிவியல் கண்காட்சிக்காக வளர்மதி மிஸ் எங்கள் ஒன்பதாம் வகுப்பையே மைதானத்தில் ஒரு மனித உடம்பாக நிறுத்தினார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு செல். வேலைக்கு ஏற்ற உருவம்தான் செல்லுக்கு இருக்குமாம். சிவப்பணு தட்டையாக, நடுவில் குழிந்திருப்பதால் குறுகலான இரத்தக்குழாயிலும் வளைந்து நுழைந்துவிடும். தசை செல் நீளமாக இருந்து, சுருங்கி இழுக்கும். நரம்பு செல்லுக்கு நீண்ட வாலும் கிளைகளும் உண்டு, சேதியைத் தூரமாகக் கொண்டுபோக. இதோடு நான் வாயை மூடியிருக்கலாம். பிரியாவைப் பார்த்து, "நீ சிவப்பணுதான்டி, உருண்டு உருண்டு ஓடலாம்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள், "நீ நரம்புடி. அங்க கேட்டதை இங்க கடத்துறதுதானே உன் வேலை" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். அன்றிலிருந்து பேச்சில்லை. இது தெரியாமல் மிஸ் எங்கள் இரண்டு பேரையும் நரம்பு செல்லாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள்.

பெரம்பலூரிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் எங்கள் தெர்மாகோல் பாதத்தில் அட்டை முள்ளால் குத்த வேண்டும். உடனே ஒரு எலுமிச்சம்பழம் நரம்பு நரம்பாகக் கை மாறி கபடி டீமுக்குப் போகணும். அவங்கதான் தசை. கயிற்றை இழுத்துப் பாதத்தைத் தூக்குவாங்க. நரம்பு செல்லுக்கும் நரம்பு செல்லுக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருக்குமாம், அதைத் தாண்ட ஒரு ரசாயனம் வேணுமாம். எலுமிச்சைதான் அந்த ரசாயனம். எனக்கு அவ கையைத் தொடப் பிடிக்கலை. இடைவெளிதான் இருக்கேன்னு தூக்கி எறிஞ்சிட்டேன், கொஞ்சம் வேகமா. அது அவ மூக்குல பட்டு விருந்தினர் பக்கம் உருண்டுச்சு, பழத்தைப் பார்த்ததும் சிக்னல்னு நெனச்சு கபடி டீம் மொத்தமா இழுத்துடுச்சு, பாதம் எகிறி அவர் கையிலிருந்த ரோஸ்மில்க்கைத் தட்ட அது பூரா அவர் வெள்ளைச் சட்டையில, மிச்சம் தரையில, நிக்கவே கூடாதுன்னு சொல்லி வச்சிருந்த சிவப்பணுங்க அதுல வழுக்கி ஒருத்திமேல ஒருத்தி விழுந்துட்டாங்க.

"யாருடி எறிஞ்சது?" என்று மிஸ் கேட்டார்கள். நான் பிரியாவைக் காட்டினேன். பயத்தில் கை தானாக நீண்டுவிட்டது. அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சேதி கடத்துபவள் என்று என்னைச் சொன்னவள், என்னைப் பற்றி ஒரு சேதியும் கடத்தவில்லை அங்கிள். அதுதான் தூங்க விடமாட்டேங்குது.

அமீபாவாகப் பிறந்திருக்கலாம். ஒரே செல், யாரோடும் சண்டை வராது. ஆனால் மதியச் சாப்பாட்டுக்கும் தனியாகத்தானே உட்காரணும். இந்த வாரம் பூரா அப்படித்தான் உட்கார்ந்தேன்.

ஆன்ட்டிக்கு என் வணக்கம். உங்கள் வீட்டை மாதா பார்த்துக்கொள்ளட்டும், என்னைக் கல்லங்குறிச்சிப் பெருமாள் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள வேணி

பின்குறிப்பு: எங்க அம்மா முன்னால் கேட்டீர்கள் என்றால் இதை நான் எழுதவே இல்லை என்பேன். பழத்தை எறிந்ததும் பிரியாதான் என்பேன். மன்னிச்சிடுங்க, எனக்கு அவ்வளவுதான் தைரியம். கதவை யாரோ தட்டுறாங்க. "வேணி இருக்காளாம்மா?" உங்க குரல்தான். பக்கத்துல யாரோ மூக்கை உறிஞ்சுற சத்தமும் கேக்குது. அம்மா எந்திரிக்கிறாங்க. அதுக்கு முன்னாடி நானே போய்த் திறந்