நீலப் பெட்டியைப் பகுத்த கதை

ஞாயிற்றுக்கிழமை காலை தத்துவப் பேராசிரியர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். வாசற்கதவை ஒட்டி நீலப் பெட்டி நின்றுகொண்டிருந்தது. வீட்டிலிருந்த ஒரே பெரிய பெட்டி. பூட்டியிருந்தது.

மனைவி கிளம்புகிறாள் என்று முடிவுகட்டினார். காரணம் தெரியாமல் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு மனைவி கேட்டிருந்தாள்: "ஏங்க, நாம சந்தோஷமா இருக்கோமா?"

"ஆமாம்" என்று சொல்லிவிட்டு மனுஷன் திரும்பிப் படுத்திருக்கலாம். "முதல்ல சந்தோஷம்னா என்ன பொருள்னு பகுத்துப் பார்க்கணும்" என்று ஆரம்பித்தார். பகுத்துக்கொண்டே போனார். 'இருக்கோம்' என்ற சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் அவள் விளக்கை அணைத்துவிட்டாள். அதன் பிறகு பேச்சே இல்லை.

இப்போதாவது "பெட்டி எதுக்கும்மா?" என்று கேட்கலாம். ஆனால் நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்வது படித்தவருக்கு அழகா? ஆசிரியர் குடியிருப்பிலேயே இருந்த வேதியியல்காரர் வீட்டுக்கு ஓடினார்.

"என்னை விட்டுட்டுப் போகப்போறா சார்."

"பதறாதீங்க. பகுப்பாய்வுன்னா ரொம்ப சிம்பிள். உள்ள என்ன இருக்குன்னு தெரியாத திரவத்துல இன்னொண்ணைச் சொட்டுச் சொட்டா விடணும். நிறம் மாறினதும் நிறுத்திடணும். நீங்க பாராட்டை விடுங்க."

வீட்டுக்கு வந்து சொட்டுச் சொட்டாக விட்டார்.

"காபி பிரமாதம்."

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

"தரை பளபளன்னு இருக்கு."

அவள் துடைப்பத்தை மூலையில் வைத்தாள்.

"ஜன்னல் திரை புதுசா? நல்லாருக்கே!"

அவள் முகம் சிவந்தது. நிறம் மாறிவிட்டது!

"அது மாட்டி மூணு வருஷமாச்சு" என்றாள். அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள்.

கணிதக்காரர் தன் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். "சொட்டு விட்டா குடும்பம் நடக்குமா சார்? எங்க பழைய வழி வேற. விடை கிடைச்சாச்சுன்னே வச்சுக்கணும். அங்கிருந்து ஒவ்வொரு படியா பின்னாடி வரணும்."

"இங்க எது விடை?"

"அவங்க போயிட்டாங்க."

அந்தச் சொல்லைக் கேட்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் கணிதம் பொய் சொல்லாதே! வீடு திரும்பியவர், அவள் போய்விட்டதாகவே வைத்துக்கொண்டார். பால்காரர் வந்ததும், "நாளையிலேர்ந்து பாதி போதும்பா" என்றார். எதிர்வீட்டில் சமையல் செய்துவிட்டு இறங்கிய அம்மாளை நிறுத்தி, "ஒரே ஒரு ஆளுக்குச் சமைக்க வருவீங்களா?" என்று கேட்டார்.

அடுத்த படி பின்னால் வைக்கத் திரும்பினால், ஈரத்துணி வாளியோடு மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"அப்படியா?" என்றாள். அவ்வளவுதான்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. உளவியல் பேராசிரியை வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த அம்மாள் அவரைச் சோபாவில் படுக்க வைத்தார்.

"எங்க துறையில பெட்டியப் பகுக்கறதில்ல. உங்க வீட்டம்மாவையும் இல்ல. உங்களைத்தான். மனசுல வர்றதைத் தணிக்கை பண்ணாம பேசுங்க."

பேசினார். பாதியில் விம்மினார். "அவ இல்லேன்னா என் சட்டை எந்த அலமாரில இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது மேடம்!"

"இதுதான் அடிமனசு! போய் இதை அப்படியே அவங்ககிட்ட சொல்லுங்க."

அவள் இல்லாமல் ஒரு நாள்கூட இருக்க முடியாது என்பதைத்தான் பாவம் அவர் சொல்ல நினைத்தார். அவள் முன்னால் போய் நின்றதும் வாயில் வந்ததென்னவோ சட்டையும் அலமாரியும்தான்.



"அது எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் யாருக்கோ போன் செய்தாள்.

சாயங்காலம் வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. டிரைவர் உள்ளே வந்து பெட்டியில் கைவைத்தார். பேராசிரியர் பாய்ந்து வந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கௌரவம், கண்ணாடி எல்லாம் நழுவி விழுந்தன.

"போகாதே! நான் சந்தோஷமாத்தான் இருந்தேன்! அதுக்கு ஒரு பொருளும் வேணாம், விளக்கமும் வேணாம்! நீ இருந்தா போதும்!"

வெள்ளிக்கிழமை சொல்லியிருக்க வேண்டியது. மனைவி அறைக்கதவில் சாய்ந்து நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 

டிரைவர் குனிந்து கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"எந்திரிங்க சார், மேடம் எங்கயும் போகல, உங்க சட்டையெல்லாம் இருக்கிற இந்தப் பெட்டியையும் உங்களையும் உங்க அம்மா வீட்டுல இறக்கிவிட்டுட்டு, காலி வண்டிய மட்டும் திருப்பிக் கொண்டு வரச் சொல்லியிருக்காங்க."