ஸ்மைலினின் ஹெச்.எம்.

"எங்க ஹெச்.எம். காலையில கேட்டுல நின்னு, பேரு சொல்லிப் பிள்ளையளுக்குக் குட்மார்னிங் சொல்லுவாவ, கேட்டியளா?" என்றாள் ஸ்மைலின், மரச்சீனிக் கிழங்கின் மேல் மீன்குழம்பை ஊற்றியபடி.

ரசலையன் கிழங்கை ஓங்கி நசுக்கினார். தோவாளைப் பக்கம் அவரும் ஒரு ஹெச்.எம்.தான். கட்டின பெண்டாட்டி என்றைக்காவது அவரைப் பற்றி இப்படிப் பேசினாளா? ஜூனில் அவள் மணவாளக்குறிச்சிப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து தினமும் இதே பாராயணம்.

"ஆளு பாக்க எப்படி?"

"நல்ல லெட்சணமா இருப்பாவ."

அதுக்கு மேல் குழம்பு இறங்கவில்லை.

மறுநாள் அவரும் கேட்டில் நின்றார். லேட்டாக வருகிறவர்களைப் பிடிக்கத்தான் நிற்கிறார் என்று நினைத்த டிராயிங் மாஸ்டர் அனில்குமார், பின்சுவர் ஏறிக் குதித்து, மாவுக்கட்டோடு லீவில் போனார்.

"எங்க ஹெச்.எம். கடைசி பெஞ்சுல இருந்து பாடம் கவனிப்பாவ."

ரசலையனும் ஆறாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் நுழைந்தார். நுழைந்தது நுழைந்ததுதான். வயிறு மாட்டிக்கொண்டது. பெல் அடித்த பிறகு பிள்ளைகள் ஐலசா போட்டு இழுத்தார்கள்.

"எங்க ஹெச்.எம். பிள்ளையளோட சத்துணவுதான் சாப்பிடுவாவ."

இவரும் தட்டோடு உட்கார்ந்தார். "சாம்பாருல உப்பு இல்லியே" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். சமையல்காரி பூங்கனி அகப்பையை அவர் கையில் திணித்தாள். "நாளையில இருந்து நீங்களே வச்சு விளம்புங்க, சாரே!"

அந்த வாரம் முழுக்க அவரேதான் சாம்பார் கிளறினார். ஆபீஸில் ஆளில்லை, டிராயிங் பீரியடில் பிள்ளைகள் மரத்தில்.

அரையாண்டுத் தேர்வில் ஸ்மைலின் பள்ளியில் பத்தாம் வகுப்பு மொத்தமும் பாஸ். இவர் பள்ளியில் பாதிதான் தேறியது.

"எங்க ஹெச்.எம். இன்னைக்கு..."

"போதும், ஏட்டி! உனக்கு நான் பெருசா, அந்த ஆளு பெருசா?"

ஸ்மைலின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஒருநாள் நேருல வந்துதான் பாருங்களேன்."

அந்தச் சிரிப்புதான் அவரைக் கிளப்பியது. மறுநாளே அரைநாள் லீவு போட்டு, ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போய் அவள் பள்ளி வாசலில் நின்றார்.

"உங்க ஹெச்.எம். ஆம்பளையா இருந்தா வெளிய வரச் சொல்லும்வே!"

வாட்ச்மேன் தங்கப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஆம்பளையா? இங்க ஹெச்.எம். போஸ்டே காலி, சாரே. ஸ்மைலின் டீச்சர்தான் இன்சார்ஜ். அவிய வீட்டுக்காரரும் எங்கயோ ஹெச்.எம்.தானாம், அவரு செய்யாததையெல்லாம் நாம செஞ்சாப் போதும், பள்ளிக்கூடம் தானா உருப்பட்டுரும்னு வந்த அன்னைக்கே சொல்லிட்டாவ!"