எலி கடிச்ச ‘ஆள் தேவை’ பக்கம்

எங்க வீட்டுக்காரரு ஒரு நாள் மத்தியானம் வயிறு நிறைய சாப்பிட்டு, கை கழுவி, துண்டுல துடைச்சுக்கிட்டே ஒரு தீர்மானம் போட்டாரு. “இந்த வீட்டுல இருந்து சம்பளத்துக்குப் போற ஆளு ஒருத்தர்தான். அது நான்தான். பேச்சு முடிஞ்சுது.”

அவருக்குத் தீர்மானமெல்லாம் சாப்பிட்ட பிறகுதான் வரும். பசியில இருக்கும்போது நான் எது சொன்னாலும் தலையாட்டுவாரு. நான் பரிமாறறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா இந்தக் கதையே கிடையாது.

நான் கேட்டது ஒண்ணும் மலையை இல்ல. “பிள்ளைங்க ரெண்டும் பள்ளிக்கூடம் போயிடுது. அப்புறம் வீட்டுல நானும் கடிகாரமும்தான். அதுவாவது மணிக்கொரு தரம் வாயைத் திறக்குது. நான் ஏதாவது ஒரு வேலைக்குப் போறேங்க”ன்னேன். அவ்வளவுதான். பத்தாவது பாஸ் பண்ணினவ நான். என் கையெழுத்தை வாத்தியார் மத்த பிள்ளைங்ககிட்ட காட்டி, அதுங்க எல்லாம் என்னை முறைச்சுப் பாத்த காலம் உண்டு. எனக்குன்னு ஒரு மேஜை, ஒரு நாற்காலி, அதுல உக்காந்துக்கிட்டு “சொல்லுங்க, என்ன வேணும்”னு நாலு பேரைக் கேக்கணும். இதான் ஆசை. வீட்டுல இருந்த ஒரே நாற்காலியில அவரு உக்காருவாரு. அவரு இல்லாதப்ப அவரோட சட்டை உக்காரும்.

அவருக்கு என்ன பயம்னா, மத்தியானச் சாப்பாடு. ஆபீஸ் பக்கத்துத் தெருதான். மணி அடிச்சதும் எழுந்து வருவாரு. அடுப்புல இருந்து இறக்கினது தட்டுல ஆவி பறக்கணும். நான் வேலைக்குப் போயிட்டா ஆவி எங்கிருந்து பறக்கும்? அவரோட ஆவிதான் பறக்கும்.

அவருக்கு வேலை எங்கன்னு சொல்லலையே. எங்க ஊருல அப்ப ஒரே ஒரு பேப்பர்தான் வந்துது. அந்தப் பேப்பர் ஆபீஸ் கவுண்டர்ல உக்காந்து வரி விளம்பரம் வாங்கற வேலை. வீடு வாடகைக்கு, கட்டில் விற்பனைக்கு, நாய் காணவில்லை, ஆள் தேவை, எல்லாம் அவரு கைவழியாத்தான் அச்சுக்குப் போகும். ஊருல யாரு வீட்டுல என்ன தொலைஞ்சுதுன்னு தொலைச்சவனுக்கு அடுத்தபடியா அவருக்குத்தான் தெரியும்.

ஒரு தடவை பாங்க் காசாளர் ஒருத்தர் ‘கறுப்புக் குடை காணவில்லை’ன்னு போட்டாரு. மறுநாள் மூணு பேரு மூணு குடையோட வந்துட்டாங்க. எதுவும் அவரோடது இல்ல. மனுஷன் மூணையும் விரிச்சுப் பாத்து, இருக்கறதுலயே நல்லதை “இதுதான் சார்”னு தூக்கிட்டுப் போயிட்டாரு. அடுத்த வாரம் வேற ஒருத்தர் ‘யானைத்தந்தப் பிடி போட்ட குடை காணவில்லை’ன்னு விளம்பரம் கொடுக்க வந்தாரு. அந்த விளம்பரத்தை வாங்கும்போது பின்னாடி வரிசையில நின்ன காசாளர் குடையை முதுகுக்குப் பின்னால மறைச்சாராம். எங்க வீட்டுக்காரரு இதைச் சொல்லிச் சிரிச்சு சிரிச்சு புரையேறிக்கிட்டாரு. சரி, நான் எங்கேயோ போறேன்.

தீர்மானம் போட்டதோட விட்டாரா? இல்ல. ஆபீஸ்ல இருந்து தினம் ஒரு பேப்பர் இலவசமா கொண்டு வருவாரு. அதுல ‘ஆள் தேவை’ பக்கம் இருக்கே. அதை நான் பாத்தா வம்பு. பக்கத்தையே உருவிடலாம்னா, அதுக்குப் பின்பக்கம்தான் தொடர்கதை. தொடர்கதை இல்லாம பேப்பரைக் கொடுத்தா அன்னிக்கு வீட்டுல பேச்சுவார்த்தையே இருக்காதுன்னு அவருக்குத் தெரியும். அதனால என்ன பண்ணினாரு? எனக்கு எந்த வேலை தோதுப்படுமோ அந்த விளம்பரத்தை மட்டும் கத்தரிக்கோலால நறுக்கி எடுத்துட்டு, மிச்சத்தைக் கொண்டு வந்து கொடுத்தாரு.

முதல் நாள் நான் கதை படிக்கறேன். கதாநாயகி கதவைத் திறக்கறா. வாசல்ல நிக்கறது யாருன்னு பாத்தா, எங்க வீட்டு அடுப்பு. பேப்பர்ல ஓட்டை. அது வழியா அடுப்பு தெரியுது.

“என்னங்க இது, பேப்பர்ல ஜன்னல் வச்சிருக்கு?”

“எலி. ஆபீஸ்ல எலித் தொல்லை தாங்கல.”

“எலி அளவுகோல் வச்சா கடிக்கும்? நாலு பக்கமும் நேரா இருக்கே.”

“அச்சாபீஸ் எலி. நேர்கோட்டையே பாத்துப் பாத்துப் பழகினது.”

“அப்ப வாசல்ல நின்னது யாருன்னு அந்த எலிகிட்டயே கேட்டுட்டு வாங்க.”

“உன் வாய்க்கு எலி பரவாயில்ல.”

எனக்கு அப்ப வேலை விளம்பரம் நினைப்பே இல்ல. வாசல்ல நின்னது யாருன்னுதான் மண்டை குடைஞ்சுது. மறுநாள் காலையில அவரு கிளம்பினதும் அடுத்த வீட்டுக்கு ஓடினேன். அங்க ஒரு தையல்காரம்மா. ஊருல பாதிப் பேரோட இடுப்பளவு அவங்களுக்கு மனப்பாடம். யாரையும் பேர் சொல்ல மாட்டாங்க. “அந்த முப்பத்தாறு வந்துட்டுப் போச்சு”ம்பாங்க. துணி வெட்டறதுக்கு மாதிரி எடுக்க அவங்க வீட்டுக்கும் பேப்பர் வரும். முழுசா வரும். அவங்க வீட்டு எலி படிக்காத எலி.

வாசல்ல நின்னது செத்துப்போனதா சொன்ன அண்ணன்காரன். அப்பாடான்னு மூச்சு விட்டேன். “அக்கா, இந்த இடத்தைத்தான் எலி கடிச்சுடுச்சு”ன்னு விரலை வச்சுக் காட்டினேன். தையலக்கா பேப்பரைத் திருப்பினாங்க. அதே இடத்துக்குப் பின்பக்கம், ‘சிறு பிள்ளைகள் பள்ளிக்கு ஆசிரியை தேவை’.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தோம்.

“உங்க வீட்டு எலிக்கு மீசை இருக்கா?”ன்னாங்க.

“இருக்கு. தினம் காலையில சீப்பு வச்சு வாரும்.”

“‘லாரி ஓட்டுநர் தேவை’ பக்கத்துலயே இருக்கே, அதை ஏன் கடிக்கல?”

“எனக்கு லாரி ஓட்டத் தெரியாதேக்கா.”

“அடி இவளே, ஊருல இத்தனை விளம்பரம் வருது. உனக்கு எது சரிப்படும்னு ஒருத்தர் உக்காந்து தினம் பொறுக்கிக் கொடுக்கறாரு. இந்தக் கொடுப்பினை யாருக்கு உண்டு?”

அன்னியிலேருந்து நான் பேப்பர் வந்ததும் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாப்பேன். ஓட்டை இல்லேன்னா அன்னிக்கு எனக்கேத்த வேலை இல்ல. ஓட்டை இருந்தா மறுநாள் தையலக்கா வீடு. அவருக்கு ஒரே சந்தோஷம். “இப்பல்லாம் வேலை வேலைன்னு நீ நச்சரிக்கறதே இல்லையே”ன்னாரு. “எலி இருக்கற வீட்டுல எனக்கென்ன கவலை”ன்னேன். இது பாராட்டுன்னு நினைச்சுக்கிட்டு இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டாரு.

பள்ளிக்கூட வேலைக்குப் போனேன். நான் போறதுக்குள்ள தலைமையாசிரியையோட தங்கச்சி வந்து உக்காந்தாச்சு. அடுத்து ஒரு ஜவுளிக்கடை. முதலாளி நல்ல மனுஷன்தான். ஆனா பொழுதன்னிக்கும் நிக்கணுமாம். “உக்காந்தா தூக்கம் வரும்மா”ன்னாரு, அவரு மெத்தையில சாஞ்சுக்கிட்டு. எனக்கு நிக்கற வேலைதான் வீட்டுலயே இருக்கே. வணக்கம் சொல்லிட்டு வந்துட்டேன். ரெண்டு நாளும் மத்தியானச் சாப்பாடு நேரத்துக்கு ஆவி பறந்துது. அவருக்கு ஒண்ணும் தெரியாது.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் வந்துது பாருங்க ஒரு ஓட்டை. ஜன்னல் இல்ல, வாசக்கதவு. தொடர்கதையில வில்லன் கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே மிச்சமில்ல. ஓட்டை வழியா எங்க வீட்டுக்காரரையே பாத்தேன். அவரு நகத்தைக் கடிச்சுக்கிட்டிருந்தாரு.

“எலி இன்னிக்கு விரதம் முடிச்சுட்டு வந்த மாதிரி இருக்கே.”

“குட்டி போட்டிருக்கு போல.”

மறுநாள் தையலக்கா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு சத்தமாப் படிச்சாங்க. “‘நமது பத்திரிகையின் விளம்பரப் பகுதிக்குப் பெண் உதவியாளர் தேவை. கையெழுத்து அழகாக இருக்க வேண்டும். பொறுமையாகப் பேச வேண்டும். திங்களன்று காலை நேரில் வரவும்.’” படிச்சுட்டு என்னைப் பாத்தாங்க. “கையெழுத்து சரி. பொறுமைக்கு என்ன பண்ணுவே?”

“கல்யாணமாகி இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தறேன். அது கணக்குல சேராதாக்கா?”

விஷயம் என்னன்னா, ‘ஒத்தை ஆளா முடியல சார், உதவிக்கு ஒருத்தர் வேணும்’னு எங்க வீட்டுக்காரருதான் முதலாளியை அரிச்சு எடுத்திருக்காரு. முதலாளியும் கடைசியில சரின்னுட்டாரு. பெண்ணா இருந்தா ஜனங்க சண்டை போடாம இருப்பாங்கன்னு முதலாளி கணக்கு. விளம்பரத்தை எழுதினதே எங்க வீட்டுக்காரரு. எழுதின கையாலேயே நறுக்கியிருக்காரு பாவம்.

திங்கக்கிழமை அவரு கிளம்பினாரு. பின்னாடியே நான் கிளம்பினேன். கஞ்சி போட்ட சேலை, தையலக்கா கொடுத்த கைப்பை. பையில ஒண்ணும் இல்ல, ஒரு நூல்கண்டுதான். பெரிய மேஜைக்குப் பின்னால முதலாளி. பக்கத்துல எங்க வீட்டுக்காரரு, ஆளுங்களைச் சோதிக்கறதுக்கு. எனக்கு முன்னாடி ரெண்டு பேரு போயிட்டு வந்தாங்க. நான் உள்ள நுழைஞ்சதும் அவரு கையில இருந்த பேனா தானா உருண்டு கீழ விழுந்துது. குனிஞ்சு எடுக்கப் போனவரு ரொம்ப நேரம் மேல வரல.

“உக்காரும்மா”ன்னாரு முதலாளி. உக்காந்தேன். நல்ல நாற்காலி, கை வச்சது.

எங்க வீட்டுக்காரரு மேஜைக்கு மேல வந்து, முன்னப்பின்ன பாக்காதவர் மாதிரி தொண்டையைச் செருமினாரு. “அம்மா, உங்களுக்கு வீட்டுல வேலை இருக்குமே.”

“இருக்குங்க. ஆனா அதை யாரும் வேலைன்னு சொல்றதில்ல.”

“மத்தியானம் வீட்டுல சாப்பாட்டுக்கு ஆளுங்க வருவாங்களே.”

“வருவாருங்க ஒருத்தர். அவருக்குக் கை கால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

முதலாளி எங்களை நிறுத்தினாரு. அந்த நேரம் பாத்து கவுண்டர்ல ஒருத்தர் நின்னாரு. “போய் அவரு விளம்பரத்தை எழுதி வாங்கும்மா, பாப்போம்”ன்னாரு முதலாளி. வந்தவரு ஒரு கட்டில் விக்க வந்தவரு. கட்டில் தாத்தா காலத்துதாம், தம்பி ஒரு காலைக் கேட்டு வழக்குப் போட்டானாம், அதுல படுத்தா சொப்பனத்துல மாமனார் வர்றாராம். நான் எல்லாத்தையும் கேட்டேன். உச்சுக் கொட்டினேன். எழுதினது இவ்வளவுதான்: ‘உறுதியான பழைய கட்டில் விற்பனைக்கு. பங்காளித் தகராறு இல்லை.’ கட்டில்காரரு கண்ணு கலங்கிப் போயிட்டாரு. நான் பேசினா அடுத்த தெருவுக்குக் கேக்கும். எழுதினா ஒண்ணரை வரிதான்.

முதலாளி தாளை வாங்கிப் பாத்துட்டு, “இதான்யா கையெழுத்து”ன்னு எங்க வீட்டுக்காரர் தோளைத் தட்டினாரு. அப்புறம் என்கிட்ட, “வீட்டுக்காரரு என்ன பண்றாரும்மா?”

“பேப்பர் ஆபீஸ்ல வேலைங்க.”

“எந்தப் பேப்பர்?”

“ஊருல ஒண்ணுதானுங்களே. உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்காரு.”

முதலாளி மெதுவா திரும்பினாரு. “ஏன்யா, உன் சம்சாரமா? ஒரு வார்த்தை சொல்லலையே நீ?”

எங்க வீட்டுக்காரரு மறுபடியும் பேனாவைத் தேடிக் குனிஞ்சாரு. நறுக்கினது தெரிஞ்சா மானம் போகும். எனக்கே பாவமா இருந்துது. அதனால நானே சொல்லிட்டேன்.

“சொல்ல மாட்டாருங்க. அவ்வளவு நேர்மை. தன் ஆபீஸ்ல தன் சம்சாரத்துக்கு வேலை பிடிச்சுக் கொடுத்தான்னு நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாதாம். வீட்டுக்குக் கொண்டு வர்ற பேப்பர்ல இந்த விளம்பரத்தையே கத்தரிச்சு எடுத்துட்டாருன்னா பாத்துக்கங்க. நான் அடுத்த வீட்டுல பாத்துட்டு வந்தேன்.”

முதலாளி எழுந்து நின்னுட்டாரு. மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. “இத்தனை வருஷமா உன்னைச் சாதாரண ஆளுன்னு நினைச்சுட்டேனேய்யா”ன்னு ரெண்டு கையாலயும் அவரு கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. “இப்படி ஒரு மனுஷனோட சம்சாரத்துக்கு இல்லாம வேற யாருக்கு இந்த வேலை? நீயே சொல்லு, நியாயந்தானே?”

“நியாயந்தாங்க”ன்னாரு எங்க வீட்டுக்காரரு. அந்தக் குரலை நான் அதுக்கு முன்னாடியும் கேட்டதில்ல, பின்னாடியும் கேட்டதில்ல.

மறுநாளே கவுண்டர்ல நான் உக்காந்தாச்சு. அவரை உள்ள பெரிய மேஜைக்கு மாத்திட்டாங்க. மத்தியானம் மணி அடிச்சுது. அவரு பழக்கத்துல எழுந்து வாசல் வரைக்கும் போனாரு. அங்க நின்னு யோசிச்சாரு. வீட்டுல யாரு இருக்கா, கடிகாரம்தான். திரும்பி வந்து ஒரு தாளை எடுத்து மடமடன்னு எழுதினாரு. எழுதிட்டு, சுத்தி வந்து, என் கவுண்டர் வரிசையில கடைசி ஆளா நின்னாரு.

அவரு முறை வந்துது.

“சொல்லுங்க சார், என்ன வேணும்?”

“ஒரு விளம்பரம்”னு தாளை நீட்டினாரு. முகத்தைப் பாக்கல.

சத்தமாப் படிச்சுக் காட்டறது கவுண்டர் வழக்கம். படிச்சேன். “‘வீட்டு வேலைக்கு உடனடியாக ஆள் தேவை. மூன்று வேளை சமைக்க வேண்டும். துணி துவைத்து, பாத்திரம் கழுவி, வீடு பெருக்க வேண்டும். மிகச் சுலபமான வேலை. முன் அனுபவம் தேவையில்லை.’”

பேனாவை எடுத்தேன். கடைசி வரியை இன்னொரு தடவை பாத்தேன். தாளை மடிச்சு அவரு சட்டைப் பையிலேயே வச்சேன்.

“முன் அனுபவமே வேணாம்னா, உங்களுக்கே கிடைச்சுடும் சார். இன்னிக்கு ராத்திரியே சேந்துக்கங்க. அடுத்தவங்க வாங்க.”