ஒற்றை நட்சத்திர ரீச்சர்

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: எனக்கு அந்தரக் குணம். பஸ் வரப் பத்து நிமிடம் இருக்கும்போதே தரிப்பிடத்தில் நின்று கால் மாற்றி மாற்றி மிதிப்பேன். எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் அவருடைய கடைசிச் சொல்லை நானே சொல்லிவிடுவேன். (பெரும்பாலும் பிழையான சொல்லை.) இப்படிப்பட்ட ஒருத்தி ஆசிரியையாகப் போயிருக்கக் கூடாது.

ஏழெட்டு வருடங்களுக்கு முன், கிழமை நாட்களில் முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டு, சனிக்கிழமைகளில் நோர்வேயில் புருசெத் என்ற இடத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் படிப்பித்தேன். எனக்குக் கிடைத்தது பெரிய வகுப்பு. பெரியது பிள்ளைகளின் வயது மட்டும்தான், எண்ணிக்கை எட்டு. அதில் ஒன்று என் மகள் அபிரா. தமிழில் எதைக் கேட்டாலும் எட்டுப் பேரும் "வெத் இக்கெ" என்பார்கள். 'தெரியாது' என்பதைக்கூட நோர்வேஜியனில்தான் சொல்வார்கள்.

பெற்றோர் தினத்தன்று வகுப்பைப் பார்த்துவிட்டு, அதைத் தொடர்வதா, சின்னப் பிள்ளைகளோடு சேர்த்துவிடுவதா என்று முடிவு செய்யப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதினாறு வயதுப் பிள்ளைகளை 'அணில், ஆடு' வாசிக்க உட்கார்த்தினால் ஒருவரும் திரும்பி வரமாட்டார்கள். அப்போதுதான் கைபேசியில் அந்தச் செயலி கண்ணில் பட்டது. திரையில் ஒரு தமிழ் வாக்கியம் தோன்றும். உரக்க வாசித்தால் உச்சரிப்புக்கு ஐந்து நட்சத்திரம் வரை தரும்.

"வகுப்பை டிஜிட்டல் ஆக்கப்போறன்!" என்று வீட்டில் அறிவித்தேன்.

"ஒருக்கா செய்து பாத்தனீரோ?" என்றார் கணவர்.

"அதுக்கெல்லாம் எங்கையப்பா நேரம்?"

பெற்றோர் தினமும் வந்தது. பின்வரிசையில் பெற்றோர். நடுவில் நிர்வாகத் தலைவர் சிவநேசன் அண்ணை, கையில் குறிப்புக் கொப்பியோடு. செயலியைப் பெரிய திரையில் காட்டுகிறேன் என்று நான் ஸ்மார்ட் போர்டின் வயர்களையெல்லாம் பிடுங்கி இடம் மாற்றிச் செருகியதில் அது உயிரை விட்டது. கட்டடப் பராமரிப்பாளர் ஊலெயைக் கூப்பிட்டோம். அவர் நோர்வேக்காரர், நிதானமான மனிதர். ஒரே ஒரு வயரை மாற்றினார், திரை வந்தது. வேடிக்கை பார்க்க வாசலிலேயே நின்றுகொண்டார்.

"முதல் நான் வாசிச்சுக் காட்டுறன். வடிவாக் கேளுங்கோ" என்றேன்.

'மழையில் நனைந்த கோழி வாழைமரத்தின் கீழே ஒதுங்கியது.'

ஒரே மூச்சில் வாசித்தேன். (விழுங்கினேன் என்பதே சரி.) ஒரு நட்சத்திரம் மின்னியது. தேன் தடவிய ஒரு பெண் குரல், "தயவுசெய்து மெதுவாகப் பேசவும்" என்றது.

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் மறுபடி வாசித்தேன், இன்னும் சத்தமாக, பதற்றத்தில் இன்னும் வேகமாக. மறுபடி ஒரு நட்சத்திரம். மூன்றாம் முறை கோழி நனைவதற்குள் குரல் குறுக்கிட்டது.

"பொறடி பிள்ளை, நான் இன்னும் முடிக்கேல்லை!" என்று கத்தினேன். இயந்திரம் அதையும் வாசிப்பாக எடுத்துக்கொண்டு ஒரு நட்சத்திரம் தந்தது.

"அது இந்தியத் தமிழ், தங்கச்சி. எங்கடை தமிழ் அதுக்கு விளங்காது" என்று சிவநேசன் அண்ணை மானத்தைக் காப்பாற்றப் பார்த்தார்.

சென்னையிலிருந்து வந்த கார்த்திக், ஒரு மாணவியின் அப்பா, தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். "இல்ல சார்... எனக்கும் புரியல. அக்கா ரொம்ப வேகமா பேசுறாங்க."

அந்த நேரம் பார்த்து ஊலெ, தானும் முயற்சிக்கலாமா என்று கேட்டார். அபிரா ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுக்க, அவர் ஒவ்வொன்றையும் வாயில் வைத்துச் சுவைத்து, ஆற அமர, "ம-ழை-யில்..." என்று சொல்லி முடித்தார்.

நான்கு நட்சத்திரம். "மிக நன்று!" என்றது குரல். பெற்றோர் கைதட்டினார்கள். என் கணவரும்தான்.

நான் மேசைக்கடியில் புகுந்து வயரைத் தேடினேன், அணைப்பதற்கா ஒளிவதற்கா என்று எனக்கே தெரியாமல். மேலே திடீரென்று ஒரு குரல்:

"ஏய், உனக்கென்ன விசரோ? அவ எங்கடை ரீச்சர்!"

தலையை நீட்டிப் பார்த்தேன். சங்கவி! இரண்டு வருடமாக என் வகுப்பில் ஒரு தமிழ்ச் சொல் உதிர்க்காத பிள்ளை, திரைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். பிறகு எட்டுப் பேரும் எழுந்துவிட்டார்கள். "நான் வாசிக்கிறன்!" "தள்ளு, நீ பிழையாச் சொல்லுறாய்!" "ரீச்சருக்கு இன்னொரு நட்சத்திரம் குடு!" திட்டினார்கள், கெஞ்சினார்கள், போட்டி போட்டார்கள், எல்லாம் தமிழில். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மேசையில் தலையும் இடித்தது.

சிவநேசன் அண்ணை கொப்பியை மூடினார். "வகுப்பு நடக்கட்டும். பிள்ளையள் கதைக்கினம். ஆனால் தங்கச்சி, இனி நீர் மட்டும் உந்த மெசினோடை கதைக்க வேண்டாம்."

வகுப்பு பிழைத்தது, நான் பிழைக்கவில்லை. வீட்டில் நான் வாயைத் திறந்து ஒரு சண்டையைத் தொடங்கினால் போதும், அபிரா அந்தத் தேன் குரலை எடுப்பாள்.

போன வருடம் அவள் ஒரு நோர்வேப் பையனைக் கட்டினாள். கலியாணத்துக்கு மறுநாள் நான் சமையலறையில் நின்று, விருந்துக்கு யார் எங்கே இருப்பது, யாருக்கு மரக்கறி என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். மருமகன் மரியாதையாகக் கைகளைக் கட்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வாக்கியத்தைச் சொன்னான்:

"மாமி, தயவுசெய்து மெதுவாகப் பேசவும்."

உச்சரிப்பில் ஒரு பிழை இல்லை.