பூச்சட்டிப் போரும் மூன்று மிதியும்

ஊர்ந்துகொண்டிருந்தார் நாகையா! கிள்ளானில், தம் சொந்த வீட்டுக் கூடத்தில், இரு கையும் இரு முழங்காலும் தரையில் பதிய, பகைவர் மதிலை முட்டப் போகும் களிறெனச் சோபாவை நோக்கி அங்குலம் அங்குலமாய் முன்னேறிக்கொண்டிருந்தார்.

வாழ்க அவ்வீரர்! முப்பதாண்டு லோரி செலுத்திய திண்தோளர்! பந்திங் சாலையின் பள்ளம் ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டே அறிந்த பெருந்தகை! அத்தகையவர்தாம், இடுப்பில் பிடிப்பு விழுந்து மூன்று நாளாய் முறிந்த வில்லென வளைந்து கிடந்தார்.

விடிந்தால் மகள் லோகேஸ்வரிக்குக் கல்யாணம். மணவறையில் சம்மணமிட்டுத் தாரை வார்க்க வேண்டியவர் தந்தை. அவரால் இயலாவிடில் அவ்விடத்தில் அமர, மைத்துனன் வாசு முன்கூட்டியே பட்டு வேட்டிக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தான்.

பிடிப்பு எப்படி விழுந்தது? அரிசி மூட்டை தூக்கியதால் என்று உலகுக்கு அறிவித்தார் நாகையா. பொய்! பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி, தம் காருக்கு இடம் பிடிக்கச் சாலையோரம் நிறுத்தியிருந்த சிமெண்டுப் பூச்சட்டியே காரணம். ஏழாண்டாய் இரு வீட்டுக்கும் பேச்சு வார்த்தையை அறுத்த அச்சட்டியை, கல்யாண வேன் நிற்க வேண்டும் என்ற சாக்கில், ஆளில்லாத அதிகாலையில் ஆரத் தழுவித் தூக்கினார். சட்டி ஒரு முழம் நகர்ந்தது. முதுகெலும்பு அதைவிட அதிகம் நகர்ந்தது. அப்போது பக்கத்து வீட்டு ஜன்னல் திரை அசைந்ததையும் அவர் கண்டார்.

தொடங்கியது திக்விஜயம். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்ற மசாஜ்காரர் ஒருவர், மாவு பிசைவது போல் அவரைப் பிசைந்தெடுத்தார். சின்சே எனும் சீன வைத்தியர் குத்திய ஊசிகளால் அம்புப் படுக்கை தலைகீழானது. அம்பெல்லாம் மேலே, வீரர் கீழே. இரத்தம் உறிஞ்சும் பெக்காம் கோப்பைகள் முதுகில் பன்னிரண்டு செந்நிலாக்களை உதிக்கச் செய்தன. சுங்கை பூலோவின் கொரியச் சூட்டுக் கட்டிலோ அவரைத் தோசையெனத் திருப்பிப் போட்டது. போனபடியே வளைந்து வந்தார்.

போனில் பரிவைப் பொழிந்தான் வாசு. "மாமா, நீங்க ரெஸ்ட் எடுங்க லா. மணவறைய நான் பாத்துக்கிறேன்."

அந்தப் பரிவு ஊசியினும் ஆழமாய் இறங்கியது.

இந்நிலையில் மனைவி லெட்சுமி கோயிலிலிருந்து ஒரு சேதியோடு வந்தார். தாய் வயிற்றிலிருந்து தலைக்குப் பதில் கால் முதலில் வரப் பிறந்தவர், இடுப்பை மும்முறை மிதித்தால் எப்பேர்ப்பட்ட பிடிப்பும் ஓடிவிடுமாம். அப்படிப் பிறந்த ஒருத்தி பக்கத்து வீட்டிலேயே உண்டாம். லெட்சுமி வேலியோரம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, புஷ்பவல்லி ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "எத்தனை மணிக்கு வரணும், அக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தோ! எவர் முகத்தில் விழிப்பதில்லை என்று சூளுரைத்தாரோ, அவர் பாதத்தின் கீழா கிடப்பது? மானம் ஒரு புறம் இழுத்தது. இஸ்திரி போட்ட பட்டு வேட்டி மறுபுறம் இழுத்தது. வேட்டியே வென்றது. குப்புறப் படுத்தார் கோமான்.

புடவையை ஒரு கையால் சற்றே தூக்கி, சுவரில் மறுகை ஊன்றி, மலைமேல் முகில் இறங்குவது போல் புஷ்பவல்லி காலை வைத்தார். முதல் மிதியில் நாகையாவின் குலதெய்வம் கண்முன் வந்தது. இரண்டாம் மிதியில் அது திரும்பிப் போனது. மூன்றாவதற்கு ஓங்கிய கால் அந்தரத்தில் நின்றது.

"அண்ணே, பூச்சட்டி இருந்த எடத்துக்கே வந்துடணும்."

"கல்யாணம் முடிஞ்சதும் வெச்சிடறேன்மா," என்றது தரை.

விழுந்தது மூன்றாம் மிதி! இடிபோல் ஓர் ஓசை! எழுந்தார் நாகையா, நிமிர்ந்தார், கொடிமரமென நின்றார்!

மறுநாள் மணவறையில் ஒரு மணி நேரம் சம்மணமிட்டு, ஒரு முனகலும் இன்றித் தாரை வார்த்தார். மூன்றாம் வரிசையில், இஸ்திரி கலையாத வேட்டியில் வாசு தட்டிய கைதட்டலில் உயிரே இல்லை.

பந்தியில் லெட்சுமி கண் கலங்கப் புஷ்பவல்லியின் இலையில் இரண்டாம் கரண்டி பாயசம் ஊற்றி, கால் முன்னே வந்த பிள்ளையைப் பெற அந்தத் தாய் என்ன பாடுபட்டாரோ என்று உருகினார்.

புஷ்பவல்லி அப்பளத்தை நொறுக்கிப் பாயசத்தில் போட்டுக்கொண்டார்.

"அது எங்க பெரியக்கா, காஜாங்ல இருக்கா. நான் சிசேரியன் லா."