‘ஆனால்’ என்பதற்குள் மணி அடித்துவிட்டது

எங்கள் பக்கத்தில் ஒருவர் நன்றாகப் பேசுவார் என்று பெயர் எடுத்துவிட்டால், அவரை நம்பி எந்தக் காரியத்தையும் ஒப்படைக்கக் கூடாது. யாரையோ மனத்தில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லவில்லை. அப்படிப் பெயர் எடுத்தவன் நான்தான்.

கண்டியில் ஒரு தனியார் அலுவலகத்தில் எனக்குக் கடிதமும் கணக்கும் எழுதும் இலிகிதர் வேலை. வீடு பிலிமத்தலாவையில். சனி, ஞாயிறு வந்தால் மட்டும் நான் மேடைப் பேச்சாளன். அம்மன் கோவில் திருவிழா, மாதா கோவில் பெருநாள், பாடசாலைப் பரிசளிப்பு, தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்குப் பிரியாவிடை என்று எதற்கும் அழைப்பார்கள். வரவேற்புரையும் நன்றியுரையும் என் பிதுரார்ஜிதச் சொத்து மாதிரி. மேடையில் இருக்கும் ஒருவரையும் விடாமல், பதவியோடும் பட்டத்தோடும் விளித்து வணங்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. (வணங்கி முடித்தபின் விஷயம் என்ன என்று அந்நாள்வரை எவரும் கேட்டதில்லை. நன்றியுரையில் விஷயம் என்று ஒன்று இருந்தால்தானே.)

என் தங்கை ஸ்டெல்லா புசல்லாவைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறாள். அவளுடைய மகள் அனுஷா அந்த வருடம் பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். உயிரியல் பிரிவு. கண்டியில் ஒரு ஆசிரியர் தன் வீட்டு அறையிலிருந்தே இணையத்தில் வகுப்பு நடத்துவார். அவருக்கென்று ஒரு சின்ன இணையத்தளம். விளம்பரம் கிடையாது, பின்னால் பாட்டுக் கிடையாது. தவளையின் இதயத்தை வெண்பலகையில் கையால் வரைந்து காட்டுவார். அனுஷா அவர் வகுப்பை ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

தோட்டத்துக்கு இணையம் கொண்டுவந்தது ஒரு சின்னக் கேபிள் கம்பனி. முதலில் தொலைக்காட்சிக்கு வயர் இழுத்தார்கள், பிறகு அதே வயரில் இணையமும் கொடுத்தார்கள். வேகம் என்று பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மெதுவாக இருக்கும். பெரிய கம்பனியின் படமும் சின்ன ஆசிரியரின் பாடமும் அந்த வயரில் சரிசமமாகத் தள்ளாடிக்கொண்டு வரும்.

அந்தச் சின்னக் கம்பனியைக் கொழும்பில் உள்ள ஒரு பெரிய கம்பனி வாங்கப் போவதாகச் செய்தி வந்தது. ‘இரு கரங்கள் இணைகின்றன’ என்று பஸ் தரிப்பிடத்தில் பதாகை கட்டினார்கள். இரண்டு கம்பனிகள் கல்யாணம் செய்துகொண்டால் சீதனமாகப் போவது நாம்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. அரசாங்க அனுமதி வருவதற்கு முன்பே ‘பரீட்சார்த்தமாக’ என்று சொல்லிப் புதுப் பெக்கேஜ்களைக் கொண்டுவந்தார்கள். படம் பார்க்க ஒன்று, அரட்டைக்கு ஒன்று, படிப்புக்கு ஒன்று. படிப்புப் பெக்கேஜில் அந்தக் கம்பனியின் சொந்தப் பாடச் செயலி மட்டும் தண்ணீர் மாதிரி ஓடும். அனுஷாவின் ஆசிரியர் வாயைத் திறப்பார், வட்டம் சுற்றும், வாயை மூடும்போது பாதி வசனம் வந்து சேரும்.

அனுஷா ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு விளக்கினாள்.

“ஒரே வயர்தானே மாமா. நாம காசு கட்டுறது வயருக்கு. அதுல யாரு பாடம் ஓடணும், யாரு பாடம் நிக்கணும்னு இவங்க எப்படி முடிவு பண்ணலாம்?”

“அவங்க செயலியிலயே படிச்சா என்னம்மா?”

“அதுல இன்னும் ரெண்டாம் பாடத்துல நிக்கிறாங்க மாமா. எனக்குப் பரீட்சைக்கு ஏழு மாசம்தான் இருக்கு.”

இந்தச் சமயத்தில்தான் அந்த அறிவித்தல் வந்தது. கம்பனிகள் சேர அனுமதி கொடுப்பதா என்று முடிவு செய்யும் அரச குழு கண்டிக்கு வருகிறது. பாவனையாளர்கள் தங்கள் குறைகளைச் சொல்லலாம். குறைகள் பதிவானால், ‘எல்லா இணையத்தளங்களுக்கும் ஒரே வேகம் கொடுக்க வேண்டும்’ என்று நிபந்தனை போட்டுத்தான் அனுமதி கொடுப்பார்களாம். ஒருவருக்கு மூன்று நிமிடம். தோட்டப் பக்கத்திலிருந்து ஓர் ஆளைத்தான் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். தோட்டத்தில் கூட்டம் போட்டு, ஒரு எதிர்ப்பும் இல்லாமல், தோட்டத்திலேயே இல்லாத என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பேச்சாளன் அல்லவா.

நான்கு பக்கம் எழுதி மனப்பாடமும் செய்தேன். அனுஷா வாசித்தாள். பிறகு தன் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தாள்.

“மாமா, இதை மட்டும் வாசிங்க போதும். முப்பது செக்கன்தான் வரும்.”

முப்பது செக்கன்! கோவிலில் காணாமல்போன செருப்புக்கு அறிவித்தல் செய்யவே எனக்கு அதைவிட நேரம் எடுக்கும். சிரித்துக்கொண்டு தாளை மடித்துச் சட்டைப் பொக்கட்டில் வைத்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

கூட்டம் வாவிக்கரையில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில். வாசலிலேயே கம்பனியின் மக்கள் தொடர்பு அதிகாரி நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மரியாதை தெரிந்த மனிதர்.

“சேர், நீங்கள்தானே அந்தப் பேச்சாளர்? உங்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டனாங்கள்.”

“அப்படிங்களா?” என்றேன். (எங்கே, யாரிடம் என்று கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.)

“ஓம் சேர். இந்தாங்கோ, முன்வரிசையில இருக்கிற ஆக்களின்ர பேரும் பதவியும். ஒருத்தரையும் விட்டிடாதேங்கோ, மனம் நொந்துபோவினம்.”

பட்டியலில் பதினொரு பேர். குழுவின் தலைவர், அங்கத்தவர்கள், இரு கம்பனிகளின் பணிப்பாளர்கள், பிரதிப் பணிப்பாளர்கள். கையில் வாங்கியதும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு தெம்பு. கதிரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பொருத்தமான அடைமொழியை எழுதத் தொடங்கினேன். பிரதிப் பணிப்பாளர் ஒருவருக்கு மட்டும் அடைமொழி கிடைக்கவில்லை. அந்த ஒருவருக்காக இருபது நிமிடம் யோசித்தேன்.

எனக்கு முன்னால் ஒரு சிங்களப் பெண்மணி பேசினார். பிலிமத்தலாவையில் பித்தளைச் சாமான் கடை வைத்திருப்பவர். கையில் மாட்டிய சந்தைப் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. ஒருவருக்கும் வணக்கம் சொல்லவில்லை. “என் கடை வாசலுக்கு நேரே உங்கள் கம்பனி கம்பத்தை நட்டிருக்கிறது. அதைப் பிடுங்குங்கள்,” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். இது என்ன பண்பாடு என்று நான் மனத்துக்குள் வருத்தப்பட்டேன்.

பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

“இந்த இனிய காலைப் பொழுதிலே, குன்றிலிட்ட விளக்காய்த் தலைமை ஏற்று வீற்றிருக்கும் குழுவின் தலைவர் அவர்களே...” என்று ஆரம்பித்தேன். குரல் அன்று நன்றாக இருந்தது. தலைவரிலிருந்து அங்கத்தவர்களுக்கு வந்தேன். அங்கத்தவர்களிலிருந்து பணிப்பாளர்களுக்கு வந்தேன். மலையையும் மாநகரையும் கம்பியால் கட்டி இணைத்த கருணையாளர் என்று பெரிய கம்பனியின் பணிப்பாளரை விளித்தபோது அவரே காதில் மாட்டியிருந்த மொழிபெயர்ப்புக் கருவியைச் சரிசெய்துகொண்டார். ஒரு தடவை மணி அடித்தது. பேச்சுப் போட்டிகளில் எச்சரிக்கை மணி அடிப்பது எனக்குத் தெரியும். ஆனால் அது பிள்ளைகளுக்குத்தானே என்று விட்டுவிட்டேன். பதினொரு பேரும் முடிந்தார்கள். பட்டியலில் இல்லாத மொழிபெயர்ப்பாளருக்கும், ஒலிபெருக்கி அமைத்துத் தந்த சகோதரருக்கும் வணக்கம் சொன்னேன். விட்டால் மனம் நோகுமே.

பிறகு மூச்சை இழுத்து, குரலைத் தாழ்த்தி, கையை உயர்த்தி, “ஆனால்...” என்றேன்.

மணி அடித்தது. மைக் நின்றுவிட்டது.

கம்பனி வரிசை முழுவதும் எழுந்து கைதட்டியது. எதிர்ப்புச் சொல்லியிருக்கலாம், கத்தியிருக்கலாம். இரண்டு கையையும் கூப்பி, நாலு பக்கமும் குனிந்து வணங்கிவிட்டு இறங்கினேன். பழக்கதோஷம். கீழே குழுவின் செயலாளர், எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று கம்பீரமாகக் கையிலிருந்த தாளைக் கொடுத்தேன். அவர் அதற்கு இலக்கம் போட்டு, முத்திரை குத்தி, ஆவணக் கோவையில் வைத்தார். மக்கள் தொடர்பு அதிகாரி வந்து, “சேர், அருமையாப் பேசினீங்கள்,” என்று கையைப் பிடித்தார். அன்று அங்கே நான் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திரும்பும் பஸ்ஸில் சில்லறைக்காகச் சட்டைப் பொக்கட்டில் கைவிட்டபோது அனுஷாவின் அரைப் பக்கம் வந்தது. அப்போதுதான் விளங்கியது, நான் முத்திரை குத்தக் கொடுத்தது அடைமொழிகளோடு கூடிய அந்தப் பதினொரு பேரின் பட்டியல்.

இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். அடுத்த நாள் தபாலிலாவது அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் மேடையில் நான் ஒன்றும் சொல்லவில்லை என்று ஆகிவிடும். என் பெயர் என்ன ஆவது? அந்த அரைப் பக்கத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. களைப்பாகவும் இருக்கிறது.

அன்று மாலை அனுஷா தொலைபேசியில் கேட்டாள். “சொன்னீங்களா மாமா?”

“எல்லாம் எடுத்துச் சொல்லியாச்சும்மா. கைதட்டு அடங்கவே இல்ல,” என்றேன். இரண்டாவது வசனம் உண்மைதான்.

இரண்டு மாதம் கழித்துக் குழுவின் அறிக்கை இணையத்தில் வந்தது. அனுஷா அதைத் தேடி எடுத்து, எனக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். ‘தோட்டப் பகுதிப் பிரதிநிதி ஒருவர் குழுவுக்கும் நிறுவனங்களின் தலைவர்களுக்கும் நன்றி தெரிவித்தார். அவரால் குறைகள் எதுவும் முன்வைக்கப்படவில்லை.’ நிபந்தனை இல்லாமல் அனுமதி கிடைத்துவிட்டது. பித்தளைக் கடைப் பெண்மணியின் கம்பத்தைக் கூட்டம் நடந்த வாரமே பிடுங்கிப் பக்கத்தில் நட்டுவிட்டார்கள் என்பதை நானே பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.

“மாமா, இது நீங்களா?” என்று அனுஷா கேட்டாள். ஸ்டெல்லா தொலைபேசியை வாங்கினாள்.

“அண்ணே, நீ போகாம வீட்டுல படுத்திருந்தாகூட நல்லா இருந்திருக்கும்.”

அடுத்த ஞாயிறு அனுஷா ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். எங்கள் வீட்டு இணையம் வேறு கம்பனி. அவளுடைய ஆசிரியரை அது நிறுத்தவில்லை. பரீட்சை முடியும்வரை ஐந்து மாதம் எங்கள் சாப்பாட்டு மேசையில் படித்தாள். தாயை விட்டு ஒரு நாள் இருந்தறியாத பிள்ளை. சில காலை நேரங்களில் அவள் கண் வீங்கியிருக்கும். நான் பார்த்தும் பாராததுபோல் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். மருத்துவபீடம் மயிரிழையில் தவறிப்போனது. விவசாயபீடம் கிடைத்தது. இடையில் போன அந்த மாதங்கள் இருந்திருந்தால் என்று நான் கணக்குப் போடாத நாளில்லை. அவள் என்னை ஒரு தடவைகூடக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

குறை சொல்லும் வேலையை என் மனைவி ரெஜினா எடுத்துக்கொண்டாள். கம்பனிக்காரன் திட்டம் போட்டுத்தான் அந்தப் பட்டியலைக் கொடுத்திருக்கிறான் என்று ஒரு நாள் நான் புலம்பினேன்.

“அவன் எதுக்குங்க திட்டம் போடணும்? பட்டியல் இல்லன்னா நீங்க வாசல் காவல்காரர்ல இருந்து ஆரம்பிச்சிருப்பீங்க,” என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் உப்புக் கேட்பதானாலும், “தலைமை தாங்கும் மாமா அவர்களே, உப்பு,” என்றுதான் கேட்பார்கள். தோட்டத்துக் கல்யாணங்களிலும் இப்போது என்னை மேடைக்கு அழைப்பதில்லை. பந்தியில் சோறு போட அழைக்கிறார்கள். அதில் ஒருவரையும் விடாமல் கவனிக்கிறேன் என்று நல்ல பெயர் இருக்கிறது.

இந்த வருடம் அந்தப் பெரிய கம்பனி இன்னொன்றை விழுங்கப் போகிறதாம். மீண்டும் அரச குழு, மீண்டும் கண்டியில் கூட்டம். தோட்டத்தில் பரீட்சை எழுதவிருக்கும் பிள்ளைகளுக்காக அனுஷா தன் பெயரைக் கொடுத்திருந்தாள். நானும் ஸ்டெல்லாவும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

அவள் எழுந்து மைக்கைப் பிடித்தாள். “எங்க தோட்டத்துக்கு வர்றது ஒரு வயர்தான். அதுல உங்க பாடத்துக்கு ஒரு வேகம், மத்தவங்க பாடத்துக்கு ஒரு வேகம் வைக்காதீங்க. இதை நிபந்தனையா எழுதுங்க.” தாளைச் செயலாளரிடம் கொடுத்தாள். அவர் முத்திரை குத்தும்வரை அங்கேயே நின்று பார்த்தாள். நிபந்தனை வருமோ வராதோ, எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் இந்தத் தடவை குறை பதிவாகிவிட்டது.

வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மண்டபம் அமைதியாக இருந்தது. மணி அடிப்பவர் கையைத் தூக்கியபடியே, இவ்வளவுதானா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அனுஷா என் காதருகே குனிந்தாள்.

“மாமா, இன்னும் ரெண்டரை நிமிஷம் மிச்சமிருக்கு. போய் வணக்கம் சொல்லிட்டு வாங்க.”

ஸ்டெல்லா அடக்க முடியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டாள். மண்டபமே திரும்பி எங்களைப் பார்த்தது. நான் கதிரையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.