ஷூ டப்பாவுக்குள் ஒரு எலி

எனக்குச் சந்தேகக் குணம் உண்டு. இதை என் மனைவி எல்லோரிடமும் சொல்லிவிடுவாள் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தூங்குகிறவர் நிஜமாகவே தூங்குகிறாரா என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே வருவேன். 'வடை சூடா இருக்கு சார்' என்று சர்வர் சொன்னால், நான் கேட்காமலே ஏன் சொல்கிறார் என்று யோசிப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். நான் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, இழுத்துப் பார்த்தவன் ஒழுங்காக இழுத்தானா என்று மறுபடி இழுத்துப் பார்ப்பேன் (முதலில் இழுத்தவனும் நானேதான்).

இப்படிப்பட்ட ஒருவனைத்தான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்காரர்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வேலைக்கு வைத்தார்கள். கல்யாணம் ஆகாத வயது. அந்தக் கம்பெனியிலேயே கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று ஒரு மிதப்பு வேறு.

அங்கே மூன்று பழைய கம்ப்யூட்டர்கள் இருந்தன. தொழிலாளர்களின் வருகைப் பதிவுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, கேமராக்களுக்கு ஒன்று. மூன்றையும் தூக்கிவிட்டு ஒரே ஒரு பெரிய சர்வர் வாங்கலாம், அதற்குள் மூன்று கம்ப்யூட்டர்களைக் குடிவைக்கலாம், விர்ச்சுவல் மெஷின் என்று பெயர் என மேனேஜர் நசீர் பாயிடம் சொல்லி வாங்க வைத்தேன். பெட்டி வந்து இறங்கியதும் பாய் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"உள்ள மூணு கம்ப்யூட்டர் கீதுன்றே. தொறந்து காட்டு தம்பி."

"தொறந்தாலும் தெரியாது பாய். எல்லாம் சாஃப்ட்வேர்."

"நான் குட்த்த துட்டு மட்டும் கண்ணுக்குத் தெரிஞ்சதே" என்றார்.

ஒரே வீட்டில் மூன்று போர்ஷன், மாடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு போர்ஷனில் துணி துவைத்தால் பக்கத்துப் போர்ஷனில் குழாய் சொட்டத்தான் செய்யும். இந்தச் சின்ன விஷயம் அன்றைக்கே என் மண்டையில் ஏறியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. இன்னொன்றும் செய்தேன். இன்டர்நெட்டிலிருந்து சரியான நேரத்தைக் கேட்டு வாங்கி, உள்ளே இருக்கும் கடிகாரங்களைத் தானாகவே திருத்தும் வசதி ஒன்று உண்டு. அதை அணைத்து வைத்தேன். எங்கேயோ இருக்கிற எவனோ சொல்கிற நேரத்தை நான் ஏன் நம்ப வேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வேறு யாருமில்லை, எங்கள் கம்பெனியில் வருகைப் பதிவு எடுக்கும் டைம் ஆபீஸைப் பார்த்துக்கொண்ட ஏழுமலையின் மகள் சுகந்தி. காட்பாடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போய்ப் பார்த்தோம். கேசரியை அவள் என் முன்னால் வைத்தபோது, 'இதுல ஒண்ணும் கலக்கல, தைரியமா சாப்டுங்க' என்று மெதுவாகச் சொன்னாள். நான் கேசரியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருக்கிறாள். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. ஆடி முடிந்ததும் நிச்சயம் செய்துகொள்ளலாம் என்று பேச்சு. கம்பெனியில் என்னை 'சார்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஏழுமலை, யாரும் இல்லாதபோது 'மாப்ள' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

ஆடி பாதியில் பிரச்சினை வந்தது. ஸ்டிச்சிங் செக்ஷன் பெண்கள் ஒரு கூட்டமாக நசீர் பாய் அறைக்கு வந்தார்கள். முன்னால் நின்றவர் ரமணி அக்கா.

"சைரன் ஊதனப்புறம்தான் கை ரேகை வெச்சிட்டு வெளிய போறோம் பாய். மெசின்ல பாத்தா முன்னாடியே போய்ட்டோம்னு காட்டுது. தெனம் சம்பளம் புடிச்சா நாங்க இன்னாத்துக்கு வேலைக்கு வர்றது?"

பாய் என்னைப் பார்த்தார். "இன்னா தம்பி இது பேஜாரு?"

சர்வரில் கோளாறு இருக்கலாம் என்று ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை. அதை வாங்கியது நான். அதனால் அது நல்ல சர்வர். வருகைப் பதிவுக் கம்ப்யூட்டரின் கடிகாரம் சாயங்காலம் பின்தங்கியிருக்கிறது என்றால், யாரோ பின்தள்ளுகிறார்கள். அந்தக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். நான் செய்யவில்லை (இதையும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன்). இன்னொருவர் ஏழுமலை.

உடனே எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. சர்வர் வந்த புதிதில் அவர் என்னிடம், "இதுல டைம் மாத்தணும்னா எங்க சார் மாத்தறது?" என்று கேட்டிருந்தார். நானும் சொல்லிக் கொடுத்திருந்தேன். அப்புறம், அவர் வீட்டுக்குப் போனபோது சுவர்க் கடிகாரம் பத்து நிமிஷம் அதிகமாக ஓடிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, "எங்க வூட்ல எப்பவும் ஜாஸ்தியாதான் வைப்போம் மாப்ள, ரயில புடிக்கணுமே" என்று சிரித்தார். வீட்டிலேயே நேரத்தில் கைவைக்கிற மனிதர்! (எங்கள் வீட்டுக் கடிகாரம் கால் மணி நேரம் அதிகம். அது என் அம்மா வைத்தது, அது வேறு.) காரணமும் கண்டுபிடித்தேன். தொழிலாளர் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் காட்டி முதலாளியிடம் நல்ல பெயர் வாங்கி, பதவி உயர்வு வாங்கி, அந்தப் பணத்தில் மகள் கல்யாணத்தை நடத்தப் பார்க்கிறார். அதாவது, என் கல்யாணத்தை!

கையும் களவுமாகப் பிடிக்க முடிவு செய்தேன். ஷூ கம்பெனியில் எந்த மூலையிலும் சந்தேகம் வராத பொருள் ஷூ டப்பா. எட்டாம் நம்பர் டப்பா ஒன்றை எடுத்து ஓட்டை போட்டு, உள்ளே ஒரு கேமராவை ஒளித்து, டைம் ஆபீஸ் பீரோ மேல் ஏற்றினேன். ஒரு முடி அசைந்தாலும் தெரிய வேண்டும் என்று இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில், நாள் முழுக்கப் பதிவு செய்யும்படி வைத்தேன். பதிவெல்லாம் அதே சர்வருக்குத்தான் போயிற்று.

அன்றிலிருந்து பிரச்சினை இரண்டு மடங்கானது. சாயங்காலத்தில் கடிகாரம் முன்பைவிட அதிகமாகப் பின்தங்கியது. கணக்குப் பிரிவில் ஒரு பில் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்றார்கள். கேமரா வைத்தது தெரிந்துவிட்டது, பழிவாங்குகிறார் என்று நினைத்து இன்னொரு டப்பாவில் இரண்டாவது கேமரா வைத்தேன். கடிகாரம் இன்னும் பின்தங்கியது.

பதிவைப் போட்டுப் பார்த்தேன். தினமும் காலையில் ஏழுமலை வருகிறார். கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நேரத்தை மாற்றுகிறார்! கம்ப்யூட்டர் திரை பதிவில் வெறும் வெள்ளையாகத்தான் விழுந்திருந்தது, எந்த நேரத்தை வைத்தார் என்று தெரியவில்லை. தெரிய வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. வாய் வேறு அசைந்துகொண்டே இருந்தது. யாருக்கோ தகவல் சொல்கிறார் என்று நினைத்தேன். சத்தம் விட்டுவிட்டுக் கரகரத்ததால் அதை அணைத்துவிட்டுத்தான் பார்த்தேன். ஒருநாள் பீரோவுக்குக் கீழே எதையோ குனிந்து வைத்தார். அது என்னவென்று அப்போது விளங்கவில்லை.

சுகந்தியை நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சொன்னால் கல்யாணம் போய்விடும். சொல்லாவிட்டால் ரமணி அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் சம்பளம் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் நேர்மையே பெரிது என்று முடிவெடுத்து, அந்த முடிவைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டு, நசீர் பாயிடம் போனேன்.

பாய் ஏழுமலையைக் கூப்பிட்டனுப்பினார். ரமணி அக்காவையும் கூப்பிட்டார். சுவரில் இருந்த பெரிய டிவியில் நான் பதிவை ஓட்டினேன். ஏழுமலை திரையில் உட்கார்ந்து நேரத்தை மாற்றினார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஏழுமலை அதை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"இன்னா ஏழுமல, வாய் அசையுதே? இன்னா பேசறே?" என்று கேட்ட பாய் என் பக்கம் திரும்பி, "சவுண்டு வையி தம்பி" என்றார்.

வைத்தேன். கரகரப்புக்கு நடுவே அந்தக் குரல் தெளிவாகவே கேட்டது.

"இன்னிக்கும் பின்னால போய்ட்டு கீதே... இன்னா மெசின் வாங்கினாரோ. பாய்க்குத் தெரிஞ்சா அந்தப் புள்ள பேரு கெட்டுப்பூடும். பாவம், நல்ல புள்ள. சரி, நாமளே கரீக்ட் பண்ணி வெச்சிடுவோம்."

நிறுத்துவதற்காக நான் பட்டனைத் தேடினேன். சர்வர் இருந்த மந்தத்தில் பட்டன் வேலை செய்யவில்லை. திரையில் ஏழுமலை எழுந்து நேராக கேமராவை நோக்கி வந்தார். முகம் பெரிதாகிப் பெரிதாகி டிவி முழுக்க அவருடைய ஒரு கண் மட்டும் நின்றது.

"டப்பால ஓட்ட கீது. எலி போலக்கீது" என்றது டிவி. பிறகு குனிந்து, மசால் வடை செருகிய எலிப்பொறியைப் பீரோவுக்குக் கீழே வைத்தார்.

ரமணி அக்காதான் முதலில் சிரித்தார்.

எனக்குக் காது இரண்டும் கொதித்தது. ஆனாலும் விடவில்லை. "அப்போ ஏன் பின்னாடி போகுது?" என்றேன், அதற்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல. பாய் சர்வர் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். பெங்களூரிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் பேசினார்.

"சமீபத்துல புதுசா ஏதாவது போட்டீங்களா சார்?"

இந்தக் கேள்வியை நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். எல்லோரும் சொல்கிற அதே பொய்யை நானும் சொன்னேன். "இல்லங்க மேடம், ஒண்ணுமே போடல."

"ரெண்டு கேமரா போட்டு கீறான்மா" என்றார் பாய்.

கேமராக்களை நிறுத்தச் சொன்னார் அந்தப் பெண். நிறுத்தியதும், அதுவரை திக்கித் திக்கிப் போய்க்கொண்டிருந்த கடிகாரம் சீராக ஓடத் தொடங்கியது. விளக்கமும் சொன்னார். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்குச் சொந்தமாக நேரம் தெரியாது. வெளியே இருக்கும் பெரிய பெட்டிதான் நொடிக்கு நொடி தட்டிச் சொல்ல வேண்டும். பெட்டிக்கு வேலைப் பளு அதிகமானால் தட்ட விட்டுவிடும். விட்ட நொடியெல்லாம் உள்ளே இருப்பதற்கு நடக்காத நொடிதான். நீங்கள் முதலிலேயே பெட்டியில் அளவுக்கு மேல் ஏற்றிவிட்டீர்கள், கேமரா வந்ததும் இன்னும் மோசமாகிவிட்டது என்றார்.

"இப்படி ஆனா திருத்தறதுக்குத்தான் டைம் சின்க் இருக்கே சார். அத யாரு ஆஃப் பண்ணது?"

பாய், ஏழுமலை, ரமணி அக்கா மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆக, நான் சந்தேகப்பட்டுக் கேமரா வைக்க, கடிகாரம் இன்னும் பின்தங்க, அவர் அதைத் திருத்த, அவர் திருத்துவதைப் பார்த்து நான் இன்னும் சந்தேகப்பட, இப்படியே போயிருக்கிறது. அவர் மட்டும் காலையில் சரிசெய்யாமல் இருந்திருந்தால் மொத்தக் கம்பெனியும் நேற்றைய தேதியில் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கும். பிடித்த சம்பளத்தையெல்லாம் பாய் அந்த மாதமே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். ஏழுமலை எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று சாயங்காலம் சுகந்தியிடமிருந்து போன்.

"எங்கப்பாவத் திருடன்னு சொன்னீங்களாமே."

"தப்புதான். ரொம்பப் பெரிய தப்பு."

"அவரு உங்க பேரக் காப்பாத்தப் பாத்தாரு. நீங்க எலிப்பொறியில மாட்டி உட்டுட்டீங்க. ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வாங்க. வந்து அவர்கிட்டயே சொல்லுங்க."

போனேன். ரயிலில் சரியான நேரத்துக்குப் போய் இறங்கியும் அவர்கள் வீட்டுக் கடிகாரப்படி பத்து நிமிஷம் தாமதம். ஏழுமலையின் கால் பக்கம் குனிந்தேன், அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். "எம் மேல சந்தேகப்பட்டத நான் மன்னிச்சிட்டேன் மாப்ள. ஆனா கட்டிக்கிட்டு வரப்போற பொண்ணு மேல பட்டீங்கன்னா?" என்று கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுகந்திதான் உள்ளேயிருந்து வந்து, "பட்டா நான் பாத்துக்குறேம்பா, கேசரி ஆறுது" என்றாள். இந்த முறை அதை உற்றுப் பார்க்காமலே சாப்பிட்டேன்.

ஆவணியில் நிச்சயம், தையில் கல்யாணம். சீராக மாமனார் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார், அதுவும் பத்து நிமிஷம் அதிகமாக. இத்தனை வருஷமாக எங்கள் கூடத்தில் அது அப்படியேதான் ஓடுகிறது. போன மாதம் மனசு கேட்காமல், யாருக்கும் தெரியாமல், அதைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தேன். அன்று பார்த்து மாமனார் வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"யாரு இதுல கை வெச்சது?"

சுகந்தி நான் இல்லை என்றாள். குழந்தைகள் நாங்கள் இல்லை என்றார்கள். நானும் நான் இல்லை என்றேன்.

மாமனார் செருப்பு ஸ்டாண்டுப் பக்கம் போய், காலியாகக் கிடந்த ஒரு ஷூ டப்பாவை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

"ஓட்ட போடுங்க மாப்ள. எலிய புடிச்சிடலாம்."